அடுத்த பாடத்தில் இருந்தது

டைல்ஸ்காரன் டைல்ஸ் ஒட்டுவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. இருந்தாலும் அந்தக் குடியிருப்பில் அவன் டைல்ஸ்காரன்தான். இப்போது பார்க்கிற வேலையைச் சொல்லிக் கூப்பிட அது யார் வாயிலும் நுழையவில்லை. "கம்ப்யூட்டர்ல கடைக்காரங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கறாரு" என்று அவன் மனைவி ஒருமுறை மாடிவீட்டம்மாவிடம் விளக்கப்போக, "ஓ, டைப்படிக்கிறாரா?" என்று அந்தம்மா கேட்டாள். அதோடு இவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

முட்டி போனதால் வந்த வேலை அது. ஊரில் பாதிப் பேருடைய குளியலறைத் தரையில் மண்டியிட்டுக் கிடந்த முட்டி ஒருநாள் மடங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த மாதங்களில் ஃபோனில் ஏதேதோ பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று பட்டது. பெட்டி, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி, ஓரத்தில் அளந்து வைக்கிற துண்டு. "அட, இது நம்ம வேலைதானே!" என்று எழுந்து உட்கார்ந்தவன் அதற்குப் பிறகு படுக்கவில்லை. பாதி புரிந்தது, மீதியை அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டினான். ஒட்டுகிற வேலைதான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் இருந்த சின்ன ஆபீஸில் வேலையும் கிடைத்தது. அடுமனை, பல் டாக்டர், கார் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளி என்று வருகிறவர்களுக்கெல்லாம் பக்கம் செய்து கொடுத்தான். பல் டாக்டர் பக்கத்தில் இடைவெளிகள் அவ்வளவு நேராக இருந்தன.

அப்புறம் மகள் போய்விட்டாள். பள்ளிக்கூடம் சேர்த்த வருஷம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவளை வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள்.

அடிப்படையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க அவன் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. பெரிய கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்குப் போய், அவர்கள் கேட்ட சாதாரணக் கேள்விக்கு முழித்துவிட்டு வந்தான், அதனால் படிக்கிறேன் என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் காலையில் பொடிசுக்குத் தலை வாரிவிடுகிற நேரம் வீட்டில் சும்மா கிடந்தது. அந்த நேரத்தை எதைக்கொண்டாவது அடைக்க வேண்டியிருந்தது. சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். திரையில் தாடி வைத்த ஒருவர் வந்து பாடம் நடத்துவார். இலவசப் பாடம். பெரிய காலேஜில் சொல்லித் தருவதையெல்லாம் சொல்லித் தருகிறேன் என்று அவர் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார்.

சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று அவன் அவரை வேகமாக ஓடவிடுவான். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

"என்னங்க, உங்க தாடிக்காரருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா? இப்படிப் பறக்கறாரு."

"நெறைய பாடம் இருக்கும்மா. மெதுவாப் பாத்தா எனக்கு நரைச்சுடும்."

"நரைக்காத மாதிரிதான்."

அவள் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் போர்வைகள். சூடாக இயந்திரத்திலிருந்து வருகிற போர்வையின் இரண்டு முனையை இவள் பிடிக்க, எதிர்முனையை இன்னொருத்தி பிடிக்க, உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கொடுத்து, மறுபடி பின்னால் போய் அடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி ஃபோனில் பொடிசின் வீடியோக்களைப் பார்ப்பாள். மற்றப் பெண்கள் அந்த நேரம் அவளிடம் பேச மாட்டார்கள். அவளும் அழ மாட்டாள். பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். அவளுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி.

அவன் அந்த வீடியோக்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவள் போட்டால் எழுந்து போய்விடுவான். அந்தக் குரல் காதில் விழாத தூரம் வரை போவான்.

இருவரிடமும் ஒரே மாதிரி ஃபோன். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. அவளுடையது நிரம்பி வழிந்து திணற ஆரம்பித்தது. படங்களை இன்டர்நெட்டில் சேமிக்கிற வசதியை, பாடத்துக்கு வைத்திருக்கிற டேட்டாவைத் தின்றுவிடுகிறது என்று அவன்தான் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தான்.

"சூப்பர்வைசர் கூப்பிட்டா எடுக்க முடியல. அப்படியே உறைஞ்சு போய் நிக்குது" என்றாள்.

"குடு. எல்லாத்தையும் லேப்டாப்புக்கு மாத்திட்டு ஃபோனக் காலி பண்ணித் தரேன்."

"பொடிசு வீடியோவ மட்டும் திருப்பிப் போட்டுக் குடுத்துடுங்க. உடனே."

"குடுத்துடறேன்."

மாற்றினான், ஃபோனைக் காலி செய்தான். வீடியோக்களைத் திருப்பிப் போடுவதற்குள் லேப்டாப் திணறியது. அவன் தன் ஃபோனிலிருந்த படங்களையே பயந்து பயந்து மூன்று நான்கு தடவை அதில் ஏற்றி வைத்திருந்தான். ஒன்றுக்கு நாலாக ஒரே படம். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தாடிக்காரர் அந்த வாரம்தான் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புகுந்து எல்லா ஃபைலையும் தேடிப்போவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினால் என்ன? ஒருமுறை பார்த்த ஃபைலை மறுபடி பார்த்தால் இரண்டாவதை அழித்துவிடு. எங்கிருந்தும் எடுத்து ஒட்டாமல், ஒவ்வொரு வரியும் சொந்தமாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. முதலில் நாலைந்து படங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தான். சோதிக்காமல் எதையும் ஓட்டாதே என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். சரியாக வேலை செய்தது. 

"ஏம்மா, இங்க வா. சீக்கிரம் வா!"

அவள் முட்டை உடைத்துக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள்.

"என்ன?"

"நானே எழுதுனது. முழுசா நானே. பாரு இப்ப."

பொத்தானைத் தட்டினான். திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது. கண் பிடிக்க முடியாத வேகம்.

"அம்மாடி! இது பூராவும் குப்பையா?"

"பூராவும் குப்பைதான். ஒண்ணுக்கு ரெண்டா இருந்தது. பாத்தியா, எவ்வளவு அடைச்சுக்கிட்டு இருந்துருக்குன்னு."

"இத நீங்களா செஞ்சீங்க? ஒருத்தரும் சொல்லித் தராம?"

"சத்தியமா."

அவள் கை தட்டினாள். முட்டை பிசுபிசுத்த கையோடு, குழந்தை மாதிரி. பொடிசு போனபிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அவனுக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தால்கூட அப்படி இருந்திருக்காது.

லேப்டாப்பில் ஏகப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. மீதிப் பாடங்கள் அத்தனையையும் அன்று மாலையே டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனபிறகு, தேநீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அடுத்த பாடத்தைப் போட்டான். தாடிக்காரர் வழக்கம்போலப் பறந்தார். நடுவில் அவர் சொன்னது காதில் விழுந்து, அவன் கை தானாகப் போய் வீடியோவை நிறுத்தியது. பின்னால் இழுத்து, வேகத்தைக் குறைத்து, மறுபடி போட்டான்.

"ரெண்டு ஃபைலும் ஒண்ணுதானான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பேரை வச்சா? அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க. பேர் ஒண்ணா இருக்கலாம், உள்ள இருக்கறது வேறயா இருக்கலாம். உள்ள இருக்கறதத்தான் பாக்கணும். அது எப்படின்னு இன்னிக்குப் பாப்போம்."

அவன் பெயரை வைத்துத்தான் பார்த்திருந்தான், அதுவும் படமா வீடியோவா என்று காட்டுகிற வாலை விட்டுவிட்டு.

ஒரே மாதிரி இரண்டு ஃபோன்கள். இரண்டும் தான் எடுக்கிற முதல் படத்துக்கு ஒன்று என்று எண் போட்டு, இரண்டு மூன்று என்று பெயர் வைத்துக்கொண்டே போகும். அவன் குளியலறைத் தரையை எடுத்த படத்துக்கும், அவள் பொடிசை எடுத்த வீடியோவுக்கும் அந்த எண் ஒன்றாக இருந்திருக்கலாம். புரோகிராம் அவன் ஃபோல்டருக்குள் முதலில் போனது. அவளுடையதற்குள் வந்தபோது, ஏற்கெனவே பார்த்த பெயர், ஏற்கெனவே பார்த்த பெயர் என்று வரிசையாக அழித்துக்கொண்டு போயிருந்தது.

அவள் ஃபோல்டரைத் திறந்தான். கடைசியில் எடுத்த கொஞ்சம் படங்கள் மட்டும் இருந்தன. அவன் ஃபோன் எட்டாத பெரிய எண்கள். சலவைப் பிரிவின் ஷிப்ட் அட்டை. ஒரு சோப்புத் தூள் பாக்கெட். கழன்றுபோன குழாய். பொடிசு போனபிறகு எடுத்தவை மட்டும் தப்பித்திருந்தன.

குப்பைத் தொட்டியில் தேடினான். புரோகிராம் அழித்தால் தொட்டிக்குப் போகாது, நேரே போய்விடும். அதையும் தாடிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். பறக்கவிட்டதில் அது காதில் ஏறவில்லை.

ஆபீஸில் பக்கத்து இருக்கைப் பெண் காலேஜில் முறையாகப் படித்தவள். எந்நேரமும் காதில் மாட்டியிருப்பதால் ஹெட்போன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் முகத்தைப் பார்த்து அவளே அதைக் கழற்றி வைத்தாள்.

"என்னண்ணே, சர்வர் போச்சா?"

"சர்வர் போனாப் பரவால்லம்மா."

சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். நடுவில் ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை.

"அழிச்சதுக்கு அப்புறம் அந்த லேப்டாப்ல எதாவது ஏத்துனீங்களா அண்ணே?"

"பாடம் எல்லாம் டவுன்லோட் பண்ணேன்."

"நெறையவா?"

"எல்லாத்தையும்."

அவள் கீழே குனிந்துகொண்டாள். "ஃபோன்ல காலி பண்ணுனது திரும்ப வராது. எதுக்கும் லேப்டாப்பக் கடையில குடுத்துப் பாருங்க. சில சமயம் வந்துடும். நீங்க அத இனிமே தொடாதீங்க" என்றாள். பிறகு ரொம்ப நேரம் ஹெட்போனை மாட்டவில்லை.

கடைக்காரன் பேச்சு குறைந்த ஆள். இரண்டு நாள் வைத்துக்கொண்டு கூப்பிட்டான். பெயர்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன, வரிசையாக. டைல்ஸ்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தான்.

"பேர் மட்டும்தாங்க இருக்கு. உள்ள திறக்கல" என்றான் கடைக்காரன். "ஒண்ணே ஒண்ணு ஓடுது. அது உங்களோடதான்னு பாருங்க."

ஓடவிட்டான். தாடிக்காரர் வந்து, வணக்கம் சொல்லி, இன்றைக்கு என்ன பாடம் என்று ஆரம்பித்தார்.

"அழிச்ச இடத்து மேலயே புதுசு உக்காந்துடும்" என்று கடைக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். டைல்ஸ்காரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் மகள் இருந்த இடத்தில் தானே அந்த மனிதரைக் கூட்டிவந்து உட்கார வைத்ததாக அவனுக்குத் தோன்றியது. அவர்மேல் கோபம் வரவில்லை. பாவம், அவர் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அவன் ஃபோனில் குளியலறைத் தரைகள்தான் இருந்தன. மச்சினிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுப் பார்த்தான். நாலைந்து படம் இருக்கிறது மாமா, வீடியோ எதுவும் அக்கா அனுப்பினதே இல்லை, ஏன் கேக்கறீங்க என்றாள். சும்மாதான் என்று வைத்துவிட்டான்.

வீட்டில் மனைவி தினமும் கேட்டாள். "போட்டாச்சா?" "லேப்டாப் கடையில இருக்கும்மா, கொஞ்சம் மக்கர் பண்ணுது." "வந்துச்சா?" "வந்துச்சு, இன்னிக்கு நேரமில்ல." சாப்பாட்டு நேரத்தில் கை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். வெறும் ஃபோனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இருக்கிறவள் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மொட்டைமாடிக் கொடியிலிருந்து போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஓட்டலில் மடிப்பது போதாதென்று வீட்டிலும் அவளுக்கு மடிப்பு நேராக இருக்க வேண்டும்.

"என்னங்க, இந்த முனையப் புடிங்க."

பிடித்தான். உதறினார்கள். அவன் அவளை நோக்கி நடந்து வந்து முனைகளைக் கொடுத்தபோது, கையை விடாமல் அப்படியே நின்றான்.

"விடுங்க. ஏன் நிக்கறீங்க?"

"பொடிசு வீடியோ இல்லம்மா."

"கடையில விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல. எங்கயும் இல்ல. அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன்."

அவள் முனைகளை வாங்கி மடித்தாள். அடுத்த போர்வையை எடுத்து ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். அதையும் மடித்தார்கள். மூன்றாவதை எடுக்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"எப்ப?"

"அன்னிக்கு. மழை பெஞ்சுதே, ஞாயித்துக்கெழம."

"நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதா?"

அவன் போர்வையின் முனையைச் சரிசெய்தான்.

"வரி வரியா ஓடுச்சே, அதா?"

"ஆமா."

"நான் கை தட்டுனேனே" என்றாள்.

போர்வை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து, அவை யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள்.

"நான் கை தட்டுனேனேங்க. எங்கொழந்தைய ஒண்ணொண்ணா அழிக்கறப்ப, முன்னால நின்னு நான் கை தட்டியிருக்கேன்."

"உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியணும்! படிக்கறேன் படிக்கறேன்னு காலங்காத்தால உக்காந்தீங்களே, என்னத்தப் படிச்சீங்க? அந்தாளப் பறக்க விட்டீங்க. நிறுத்தி நிதானமாக் கேட்டீங்களா?"

"அது அடுத்த பாடத்துல இருந்துச்சு" என்றான். சொன்னபிறகுதான் எவ்வளவு கேவலமான பதில் என்று அவனுக்கே உறைத்தது.

"அடுத்த பாடம்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன போச்சு? நீங்க ஒருநாளாவது அதப் பாத்தீங்களா? போட்டாலே எந்திரிச்சு ஓடுவீங்க. எனக்குத்தானே போச்சு. நான் இனிமே மத்தியானம் என்ன பண்ணுவேன்?"

அவன் முட்டி வலிக்க வலிக்க, இத்தனை நாளும் மடக்காத முட்டியை மடக்கி, கீழே கிடந்த போர்வையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அவள் சமாதானம் சொல்லவில்லை, எழுந்து போகவுமில்லை. தெருவில் ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"எந்திரிங்க. அப்புறம் அந்த முட்டிக்கு நான்தான் வெந்நீர் வைக்கணும்" என்றாள் கடைசியில்.

அவன் எழவில்லை. "அதுல என்ன இருந்துச்சு?" என்றான்.

"எதுல?"

"எதுலயாச்சும். நீ அடிக்கடி பாக்கறதுல."

"இப்பக் கேளுங்க." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கீழே கிடந்த போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"அலமாரியில ஃபோன சாத்தி வச்சு எடுத்தது ஒண்ணு. நீங்களும் இருக்கீங்க அதுல. நம்ம ரெண்டு பேரும் போர்வை மடிக்கறோம். இந்த நீலப் போர்வைதான். அவ அடியில பூந்து பூந்து ஓடறா."

"வீடுன்னு சொல்லுவா."

"ம். எங்க வீடு இது, யாரும் வரக்கூடாதுன்னு கத்தறா. நீங்க வேணும்னே தாழ்த்திப் பிடிக்கறீங்க. அவளுக்குத் தெரியல, நேரா வந்து உங்க முட்டியில மோதறா."

"உயிர் போயிடுச்சு எனக்கு."

"அம்மான்னு நீங்க கத்துனதும் அவ பயந்துட்டா. அப்புறம் உங்கள மாதிரியே கால இழுத்து இழுத்து நடந்து காட்டறா. இடுப்புல கை வேற."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "நொண்டி மாமான்னு சொன்னா என்னைய."

"அது வேற நாளு. இதுல சொல்லல. இதுல அவளுக்குச் சோப்பு வாசம் ஏறித் தும்மல் வந்துடுது. ஒரு பெரிய தும்மல். தும்மிட்டு, அவ தும்முனதுக்கு அவளே சிரிக்கறா."

"சிரிச்சுட்டுத்தானே தும்முனா? சிரிச்சுக்கிட்டே இருந்தா, நடுவுல தும்மல் வந்துச்சு."

"இல்லீங்க. தும்முனதுக்கு அப்புறம்தான் சிரிப்பு."

"நான் அங்கதானே நின்னுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க ஒரு தடவ பாத்தீங்க. நான் தெனமும் பாத்தவ." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். "இல்ல, மொதல்ல சிரிச்சாளோ? கால இழுத்து நடந்தாளே, அப்பவே சிரிச்சாளா?"

"அதான் சொல்றேன்."

"சரி, எதுக்கு வம்பு? போட்டுப் பாத்துடலாம். அதத் தெறங்க" என்று மேசைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எந்திரிக்கறேன், இரு" என்று அவனும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நொண்டி நொண்டிப் போய் லேப்டாப்பின் மூடியில் கை வைத்தபிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது.